அழுத்தி எழுதுகிறவர்கள்

பென்சிலுக்குள் ஈயம் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கிராஃபைட் என்கிற ஒருவகைக் கரியைக் களிமண்ணோடு குழைத்து, குச்சியாக இழுத்து, சூளையில் சுட்டு, மரத்துக்குள் வைத்து ஒட்டினால் அது பென்சில். களிமண் கூடினால் எழுத்து வெளுக்கும், குறைந்தால் கறுக்கும். முதலில் கண்டெடுத்தவர்கள் அதை ஈயத்தில் ஒரு வகை என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள். தப்பு தெரிந்த பிறகும் பெயரை மாற்றவில்லை. அவ்வளவுதான் விஷயம். முப்பத்து நான்கு வருடம் அறிவியல் வாத்தியாராக இருந்து இதை வகுப்பு வகுப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா உட்கார முடியாமல், சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் திருத்தும் வேலைக்குப் போனேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருடம் ஆகியிருக்கும். ஆடிப்பெருக்கு கழிந்து காலண்டர், டைரி சீசன் சூடு பிடித்திருந்த நேரம். என் மேசைக்கு வந்த ஒரு டைரியின் முதல் பக்கத்திலேயே இப்படி இருந்தது: 'பென்சிலில் உள்ள ஈயம் கொடிய விஷம். நுனியை நாக்கில் வைத்தால் உயிருக்கு ஆபத்து.'

சிவப்புப் பேனாவை எடுத்தவன் அந்தச் சீசன் முழுவதும் கீழே வைக்கவில்லை.

அது மதுரையில் பேனா மொத்த வியாபாரம் செய்யும் ஓர் ஏஜென்சியின் ஆர்டர். புதுவருடத்துக்குக் கடைக்காரர்களுக்குக் கொடுக்கிற டைரி. பேனா விற்கிறவர்கள் என்பதால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பேனா, பென்சில், கையெழுத்து பற்றி ஒரு துணுக்கு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குத் துணுக்கு இல்லை, அதற்கு அரைப் பக்கம்தான். ஆக மொத்தம் முந்நூற்றுப் பதின்மூன்று. இவ்வளவையும் யாரோ பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இங்கிலீஷில் எடுத்து, தமிழில் கொட்டி அனுப்பியிருந்தார்கள்.

நான் வகை பிரித்தேன். சரியானவை நூற்று எழுபத்தொன்று. பாதி சரி, பாதி புளுகு, எண்பத்தெட்டு. முழுப் புளுகு ஐம்பத்து நான்கு.

சரியானவற்றைப் படிக்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பேனா மூடியின் உச்சியில் சின்ன ஓட்டை எதற்கு என்று என்னிடம் எத்தனையோ பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். குழந்தை மூடியை விழுங்கித் தொண்டையில் சிக்கினாலும் கொஞ்சம் மூச்சுக் காற்று போய்வரட்டும் என்றுதான். பென்சில் ஆறு பட்டையாக இருப்பது மேசையிலிருந்து உருண்டு விழாமலிருக்க. பால்பாயின்ட் பேனாவை மேல்நோக்கிப் பிடித்து எழுதினால் கொஞ்ச நேரத்தில் நின்றுபோகும், மை கீழ்நோக்கி இறங்கி வந்து குண்டை நனைக்க வேண்டும். பென்சிலுக்கு அந்தத் தொல்லை கிடையாது, தலைகீழாகத் தொங்கினாலும் எழுதும். இதை அச்சகத்துச் சுவரில் எழுதிப் பார்த்தே உறுதி செய்தேன். சுண்ணாம்பைக் கெடுத்துவிட்டேன் என்று வாட்ச்மேன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பனையோலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டதும் அந்தத் துணுக்குகளில் இருந்தது. புள்ளி குத்தினால் ஓலை ஓட்டையாகிக் கிழியும். நல்ல துணுக்கு. அதில் எழுத்துப் பிழை மட்டும் நாலு.

பாதிப் புளுகுக்கு ஓர் உதாரணம். 'ஒரு பென்சிலால் முப்பத்தைந்து மைல் நீளத்துக்குக் கோடு போடலாம்.' எந்தப் பென்சில்? எவ்வளவு அழுத்தி? சீவுவதில் போனது எவ்வளவு? நுனி முறிந்து விழுந்ததை யார் கணக்கில் சேர்த்தார்கள்? ஒன்றும் கிடையாது. முப்பத்தைந்து மைல் என்றால் இங்கிருந்து மதுரைக்குக் கிட்டத்தட்ட முக்கால் வழி. போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

என் ரத்தம் கொதித்தது முழுப் புளுகில்தான். ஐம்பத்து நான்கில் நாற்பத்தொன்று ஒரே ரகம். கையெழுத்தைப் பார்த்து ஆளின் குணத்தைச் சொல்வது. இடப்பக்கம் சாய்த்து எழுதுகிறவர் மனத்தில் உள்ளதை மறைப்பவர். சின்னதாக நெருக்கி எழுதுகிறவர் கஞ்சர். அழுத்தி எழுதுகிறவர் முன்கோபி, எந்த நேரமும் சண்டைக்குத் தயார். மென்மையாக, வட்டமாக எழுதுகிறவர் நம்பிக்கைக்கு உரியவர். இவ்வளவும் 'அறிவியல் துணுக்குகள்' என்ற தலைப்பின் கீழ்.

முதலாளியிடம் போனேன். நாற்பது வயதுக்காரர், அப்பா காலத்து அச்சகத்தை எடுத்துப் பெரிதாக்கியவர். சட்டைப் பையில் எந்நேரமும் நாலு பேனா இருக்கும். ஒன்றுதான் எழுதும்.

"மொதலாளி, இது பொய்."

"எது சார்?"

"நாப்பத்தொண்ணும்."

அவர் தாள்களை வாங்கிப் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் மலர்ந்தது. "சார், பென்சில்ல களிமண் இருக்குன்னு எவன் சார் படிப்பான்? தன் குணம் என்னன்னுதான் படிப்பான். ராசிபலன் இல்லாம காலண்டர் போட்டா விக்குமா?"

"காலண்டர்ல ராசிபலன்னு தலைப்புப் போட்டு ராசிபலன் போடுறோம். இங்க அறிவியல்னு தலைப்பு."

"பார்ட்டி கேட்டதைப் போடுறோம். நீங்க எளுத்துப் பிளை பாருங்க சார். கருத்துப் பிளையை நான் பாத்துக்கிடுறேன்."

நான் நாற்பத்தொன்றையும் அடித்துத்தான் அனுப்பினேன். அச்சாகி வந்த பாரங்களை, அதாவது இன்னும் மடிக்காத பெரிய தாள்களை, எடுத்துப் பார்த்தால் நாற்பத்தொன்றும் இருந்த இடத்திலேயே இருந்தன. என் சிவப்பு மையில் ஒற்றுப் பிழைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதைக் கண்டுகொள்ளவில்லை. புளுகு இப்போது பிழையில்லாத தமிழில் இருந்தது. அதற்கு நான் வேறு உதவியிருக்கிறேன்.

அதோடு முடிந்திருந்தால், ஏதோ ஒரு டைரி, எவனோ படித்துச் சிரிக்கிறான் என்று விட்டிருப்பேன். ஆனால் முதலாளி அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். தான் அச்சடித்ததைத் தானே நம்புகிற ஆளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வருகிற ஆர்டர் தாள்களையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "இவன் சாய்ச்சி எளுதுறான், அட்வான்ஸ் வாங்காம வேலையத் தொடாதீக" என்பார். ஒரு பிரதியை மேசை டிராயரில் வைத்துக்கொண்டு, ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிற மாதிரிப் புரட்டுவார்.

கார்த்திகை பிறந்த சமயத்தில் ஆபீஸில் ஒரு நாற்காலி காலியானது. ஜாப் கார்டு எழுதுகிற இடம். ஒவ்வொரு ஆர்டருக்கும் என்ன தாள், எந்த அளவுக்கு வெட்டுவது, எத்தனை கலர், எத்தனை பிரதி என்று எழுதி, கார்பன் வைத்து மூன்று பிரதி எடுக்க வேண்டும். வெள்ளை ஆபீஸுக்கு, மஞ்சள் மெஷினுக்கு, ரோஸ் கட்டிங்குக்கு. அதை எழுதி வந்தவர் மகளோடு திருப்பூருக்குப் போய்விட்டார்.

அந்த நாற்காலியை ஒரு பெண் கேட்டாள்.

பைண்டிங்கில் பாரம் அடுக்குகிற பெண். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கிராமம், இருபத்தாறு இருபத்தேழு வயது, பிளஸ் டூ முடித்தவள். வாய் நீளம். பைண்டிங்கில் அவள் இருக்கும் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு முன் ஆறு வருடம் ஒரு பட்டாசு ஆலையில் பேக்கிங்கில் இருந்தாள். ஒருநாள் பக்கத்து ஆலையில் மருந்துக் கலவை ரூம் வெடித்தது. இவளுக்கு மேலில் காயம் இல்லை, இடது காது மட்டும் மந்தமாகிவிட்டது. அன்றோடு, ஊருக்குள் வந்து ஆலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பட்டாசு வேனில் ஏறுவதில்லை என்று முடிவெடுத்து, அச்சக வேனில் ஏற ஆரம்பித்தாள்.

ஆனால் அச்சகத்தில் பைண்டிங் வேலை சீசனுக்கு மட்டும்தான். ஆடியில் கூப்பிடுவார்கள், தை பிறந்தால் அனுப்பிவிடுவார்கள். அப்புறம் ஆடி வரைக்கும் அந்த ஊருக்கு வருகிற ஒரே வேன் பட்டாசு வேன். போன வருடம் அந்த மாதங்களை அவள் அரைப் பட்டினியில் தள்ளியிருக்கிறாள். வானம் பார்த்த பூமி, காடு கழனி வேலையும் கிடையாது. இந்த வருடம் அப்படிச் சும்மா இருக்க வீட்டில் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. ஜாப் கார்டு நாற்காலி வருடம் பூராவுக்கும் உண்டு. அது கிடைத்தால் அச்சகம், கிடைக்காவிட்டால் பொங்கல் கழிந்ததும் மறுபடி பட்டாசு வேன். இதைச் சாப்பாட்டு நேரத்தில் தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"மொதலாளிகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார். நீங்க சொன்னா கேப்பாக."

"நான் சொல்லி அவர் கேட்டதே கிடையாது தாயி."

"சொல்லாம இருக்கதுக்கு சொல்லிப் பாருங்களேன். வாய் என்ன தேஞ்சா போயிரும்?"

சொன்னேன். முதலாளி உடனே சரி என்றார். ஆனால் ஒரு போட்டி. அவர் மச்சினன் மகன் ஒருவன் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தான். இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கட்டும், கையெழுத்தைப் பார்த்து முடிவு செய்வோம் என்றார். நானும், ஜாப் கார்டு எழுதுவது கையெழுத்து வேலைதானே, நியாயம்தான் என்று நினைத்தேன்.

இருவர் பக்கமும் வந்தன. மச்சினன் மகன் எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஜெல் பேனா, ஊதா மை, வட்ட வட்டமான எழுத்து. கல்யாணப் பத்திரிகைக்கு அப்படியே அச்சுப் பிளேட் எடுக்கலாம். அவள் எழுத்து இடப்பக்கம் சாய்ந்து, கறுத்து, ஒவ்வோர் எழுத்தும் தாளுக்குள் இறங்கி நின்றது. அழகு கிடையாது. ஆனால் ஐந்தடி தள்ளி நின்று என் கண்ணாடி இல்லாமல் என்னால் படிக்க முடிந்தது.

முதலாளி டிராயரைத் திறந்தார். டைரியை எடுத்தார்.

"மொதலாளி, வேண்டாம்," என்றேன்.

"இருங்க சார்." விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார். "இந்தா. 'இடப்பக்கம் சாய்த்து எழுதுபவர் மனத்தில் உள்ளதை மறைப்பவர்.' இந்தா, இது அடுத்து. 'அழுத்தி எழுதுபவர் முன்கோபி.' ரெண்டும் பொருந்தி வருது பாத்தீகளா? வாயும் அப்படித்தான். நாளைக்கு ஆபீஸ்ல உக்காந்துட்டு கட்டிங்காரன்கூட, மெஷின்காரன்கூட சண்டை இளுத்தா யாரு பாக்குறது?"

"நீங்க அச்சடிச்சது பொய்யின்னு அடிச்சிக் கொடுத்தேனா இல்லையா?"

"கொடுத்தீக. ஆனா பொருந்துதே சார்."

அவருடைய டைரியை நானே பிடுங்கி, நான் அடித்துக் கொடுத்த துணுக்குகளில் ஒன்றைத் தேடினேன். எந்தப் பக்கத்தில் எது என்று எனக்கு மனப்பாடம். "பிப்ரவரி பாருங்க. 'சின்னதாக நெருக்கி எழுதுபவர் கஞ்சர்.' இப்ப உங்க எழுத்தை எடுங்க. ஒரு வரில இருபத்திரண்டு வார்த்தையை அடைச்சி வச்சிருக்கீங்க. அப்ப நீங்க யாரு?"

ஆள் கோபப்படுவார், அதில் புத்தி வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "கரெக்ட்டா சொல்லியிருக்கான் பாத்தீகளா சார்! எங்க வீட்டு அம்மாவும் இதைத்தான் சொல்றாக!"

இப்படிப்பட்டவரிடம் என்ன பேசுவது? மச்சினன் மகன் மறுநாளே நாற்காலியில் உட்கார்ந்தான்.

பைண்டிங்கில் விஷயம் பரவிவிட்டது. நான் போனபோது பெண்கள் அவளைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள்.

"ஏ பிள்ள, நீ கோவக்காரின்னு மருதைலருந்து அச்சடிச்சி வந்துருக்காமே!"

"மருதைக்காரன் சொல்லித்தான் தெரியணுமா? எங்க மாமியாகிட்ட கேட்டா ஓசில சொல்லுவா," என்றாள் அவள். சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, கையிலிருந்த பாரக்கட்டைப் பலகையில் ஓங்கி அடித்தாள். நான் அவள் எழுதிய தாளைக் கையிலேயே வைத்திருந்தேன். பின்பக்கம் திருப்பிப் பெருவிரலால் தடவிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் சொரசொரவென்று மேடாக எழும்பியிருந்தது.

"கார்பன் வச்சி எழுதின கையா தாயி?"

"ஆமா சார். பட்டாசுல பேக்கிங் சிலிப் நான்தான் எளுதுவேன். போர்மேனுக்கு எளுத வராது. மூணு கார்பன், நாலு தாளு. நாலாவது தாளு லாரிக்காரனுக்கு. அதுல தெரியலைன்னா வளில செக்போஸ்ட்காரன் மறிச்சி நிப்பாட்டிருவான். லாரிக்காரன் திரும்பி வந்து என்னைத்தான் ஏசுவான்."

"சாய்வு?"

"அங்கன மேசை ஏது சார்? நின்னுக்கிட்டே எளுதணும். எளுதுற பேடை இடது கைல இப்பிடித் தாங்கிக்கிடுவேன்." முழங்கையை மடக்கிக் காட்டினாள். பேடு சரிந்தால் எழுத்தும் சரியும். வேறு ஒரு மர்மமும் இல்லை.

கையெழுத்தைப் பற்றி நான் அறிந்தவரை ஒரே ஒரு உண்மைதான் உறுதி. செய்கிற வேலை எதுவோ அதற்குத் தக்கபடி கை பழகிக்கொள்ளும். முப்பத்து நான்கு வருடம் கரும்பலகையில் எழுதிய என் எழுத்து கடைசி பெஞ்சுக்குத் தெரிகிற அளவில்தான் இன்றைக்கும் இருக்கிறது. தபால் அட்டையில் பன்னிரண்டு வரிக்கு மேல் என்னால் அடக்க முடியாது. மருந்துச்சீட்டு எழுதுகிறவர் கை ஓடும். கணக்கு எழுதுகிறவர் கை கட்டத்துக்குள் நிற்கும். முதலாளி நெருக்கி எழுதுவது கஞ்சத்தனத்தினால் அல்ல, சின்ன வயதில் பில் புத்தகத்தின் குறுகிய கட்டத்துக்குள் எழுதிப் பழகியதினால். (கஞ்சத்தனம் அது தனி.) முந்நூற்றுப் பதின்மூன்று துணுக்கில் இந்த ஒன்று இல்லை.

முதலாளியிடம் இதையும் சொன்னேன். "ஜாப் கார்டும் கார்பன்தான். மூணாவது தாள்ல விழணும். ஜெல் பேனாவுக்கு அழுத்தம் தேவையில்ல, மை தானா வழுக்கிக்கிட்டு வரும். கார்பனுக்கு அது ஆகாது. பால்பாயின்ட் வேணும், அழுத்துற கை வேணும்."

"அவன் எளுத்து எம்புட்டு அளகா இருக்கு சார்! பாத்துக்கிட்டே இருக்கலாம்."

பார்த்துக்கொண்டே இருந்தார். ஆபீஸ் பிரதியைத்தானே அவர் பார்ப்பார், வெள்ளைத் தாள். நான் மச்சினன் மகனிடமே போய், தம்பி, பேனாவை மாற்று, கொஞ்சம் அழுத்து என்றேன். நல்ல பையன்தான், மரியாதையாக எழுந்து நின்று கேட்டான். "அளுத்துனா எளுத்து கெட்டுப் போகுது தாத்தா," என்றான். அவனுக்குப் பிறந்ததிலிருந்து எல்லோரும் கையெழுத்தை மட்டுமே புகழ்ந்திருக்கிறார்கள். அதைக் கெடுத்துக்கொள் என்றால் எப்படி மனம் வரும்?

மார்கழியில் அது நடந்தது. ஒரு ஜவுளிக்கடையின் மாதக் காலண்டருக்குத் தாளை எட்டரை அங்குலத்துக்கு வெட்ட வேண்டும். வெள்ளைத் தாளில் எட்டரை. மஞ்சளில் எட்டரை, கொஞ்சம் மங்கல். கட்டிங்குக்குப் போன ரோஸ் தாளில் எட்டு மட்டும்தான் இருந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் ½ என்று சின்னதாகப் போட்ட அரை அங்கு வந்து சேரவே இல்லை. கட்டிங்காரர் எட்டுக்கு வைத்து, காலையில் வந்த லோடு முழுவதையும் வெட்டிவிட்டார். தாளை வெட்டினால் வெட்டியதுதான். அரை அங்குலத்தை ஒட்டவைக்க யாராலும் முடியாது.

முதலாளி கத்திய கத்தல் தெருவரைக்கும் கேட்டது. கத்தியது யாரை? கட்டிங்காரரை. "கண்ணு அவிஞ்சா போச்சு? குடிச்சிட்டு வந்தியாலே?" அந்த மனிதர் டீயைத் தவிர வேறு எதையும் குடித்து நான் பார்த்ததில்லை. ரோஸ் தாளை நீட்டிக்கொண்டு நின்றார். முதலாளி அதை வாங்கவில்லை. "நாளைலருந்து வராத," என்றார்.

நான் வாங்கினேன். ஆபீஸுக்குள் போய் வெள்ளையையும், மெஷினில் போய் மஞ்சளையும் எடுத்துவந்து, மூன்றையும் வெட்டின தாள் அடுக்கின் மேல் வரிசையாகப் பரப்பினேன். எனக்கும் கத்தத் தெரியும். வகுப்பில் அறுபது பேரை அடக்கிய தொண்டை.

"மூணையும் படிங்க. வாய்விட்டுப் படிங்க."

சுற்றி மெஷின்காரர்கள், பைண்டிங் பெண்கள். முதலாளிக்கு வேறு வழியில்லை. "எட்டரை," என்றார். "எட்டரை." மூன்றாவதை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார், வெளிச்சத்துக்குத் திருப்பினார், சாய்த்தார்.

"தேடாதீங்க. இல்லை," என்றேன். "இதைத்தான் கார்த்திகைல சொன்னேன். நம்பிக்கைக்கு உரியவர் எழுத்து இது. முன்கோபி எழுதியிருந்தா நாலாவது தாள்லயும் அரை இருந்திருக்கும். அந்த ஆளை வேலையை விட்டு நிப்பாட்டுறதுன்னா முதல்ல உங்க டைரியை நிப்பாட்டுங்க."

மச்சினன் மகன் அங்கேயே நின்றான். முகம் செத்துப்போயிருந்தது. அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, நியாயமாக வரவேண்டிய இடத்தில் ஏகப்பட்டது இருந்தது. அவனாகவே, "மாமா, எனக்கு இந்த வேலை சரிப்படலை. பார்ட்டிகளுக்குக் கவர்மேல அட்ரஸ் எளுதித் தாரேன்," என்றான். அந்த வேலையை அவன் அருமையாகச் செய்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டிங்காரரை மறுநாள் வரச் சொல்லிவிட்டார்கள். மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் நாள் எழுதிய கார்டின் ரோஸ் பிரதியை முதலாளி தாமே கட்டிங்குக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

வந்தவர் முகத்தில் அந்தப் பழைய மலர்ச்சி.

ஏஜென்சிக்காரர்கள் டைரி போதவில்லை, இன்னொரு லாட் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பிளேட் புதிதாகப் போட வேண்டும். முதலாளி ஒரு துணுக்கை மட்டும் தாமே மாற்றி எழுதி என் மேசைக்கு அனுப்பினார். அவருடைய நெருக்கமான எழுத்தில் இப்படி இருந்தது: 'அழுத்தி எழுதுபவர் பொறுப்பானவர். எந்த வேலையையும் நம்பி ஒப்படைக்கலாம்.'

ஒரு லோடு தாள் போயிருக்கிறது. ஓர் ஆளின் வேலை போக இருந்தது. ஒரு பெண்ணுக்கு ஒரு மாதம் தூக்கம் போயிருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு இவர் கற்றுக்கொண்டது, புளுகைத் திருப்பிப் போட வேண்டும் என்பது. புளுகை விடவேண்டும் என்பது அல்ல! தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி அதன் குறுக்கே கோடு போட்டேன்.

அடுத்த அரைமணிக்குள் அவள் வந்து மேசைக்கு முன்னால் நின்றாள்.

"சார், அதை அடிச்சிட்டீகளாமே."

"அடிச்சிட்டேன்."

"எதுக்கு?"

"பொய்."

"எனக்கு நல்லது சொல்ற பொய்தான சார்?"

"உனக்குக் கெட்டது சொன்ன பொய்யையும் நான்தான் அடிச்சேன்."

"அப்ப எனக்கு நாக்காலி இல்ல. இப்ப இருக்கு." குரலைத் தணித்தாள். "இந்த டைரியப் பாத்துத்தான் அன்னைக்கு என்னை வேண்டாம்னாக. இதுல நல்லபடியா எளுதிட்டாகன்னா, நாளப்பின்ன என்னை எந்திரின்னு சொல்ல மாட்டாகல்லா? ஒத்த வரி சார். உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?"

"அடுத்த வருஷம் வேறொருத்தன் வேற டைரி கொண்டுவருவான். அதுல அழுத்தி எழுதுறவ திருடின்னு இருக்கும். அப்ப என்ன செய்வ? உன் வேலை நல்லா இருக்குன்னு உன்னை வச்சிருக்கணும். துணுக்கைப் பார்த்து வச்சிருந்தா துணுக்கைப் பார்த்து அனுப்பிருவாங்க."

அவள் மந்தமான காதைக் கையால் தேய்த்துக்கொண்டாள். நான் சொன்னது காதில் விழவில்லையோ என்று மறுபடி சொல்ல வாயெடுத்தேன்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றாள் எரிச்சலாக. "நீங்க அடிச்சா அந்த இடம் வெறும் இடமால்ல கெடக்கும்? வெறும் இடமாக் கெடந்தா பளசையே போட்டுருவாக. முன்கோபின்னு. அதுக்கு என்ன சொல்றீக?"

அது எனக்குத் தோன்றவில்லை. அச்சகத்தில் அப்படித்தான் நடக்கும். காலி இடத்தை விடமாட்டார்கள், கையில் இருக்கிற பழைய வரியைத் தேடி எடுத்து நிரப்புவார்கள். துணுக்குக்கு இரண்டு வரி இடம், வரிக்கு முப்பத்தாறு எழுத்து. ஒரு தாளை எடுத்தேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். நாலு தடவை எழுதி, நாலு தடவை எண்ணி, கடைசியில் இப்படி வந்தது: 'கார்பன் வைத்து எழுதப் பால்பாயின்ட் நல்லது. அழுத்தி எழுதினால்தான் கடைசித் தாளில் விழும்.'

அவள் வாங்கிப் படித்தாள். "இதுல பொய் இல்லையே?"

"இல்ல."

"மொதலாளி இதைப் படிச்சாலும் அந்த எட்டரைதான் நெனப்பு வரும்."

"வரட்டும்."

"அப்பம் போடுங்க," என்றாள்.

முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "சப்புனு இருக்கே சார். குணத்தைப் பத்தி ஒண்ணுமே இல்ல." அதற்குள் அவள் ஆபீஸிலிருந்து, "மொதலாளி, பிளேட்டுக்கு ஆளு வந்து நிக்கான், கார்டு எளுதிட்டேன், கையெளுத்துப் போடுதீகளா?" என்று சத்தம் கொடுத்தாள். அவர் வேறு வழியில்லாமல் போட்டார். மிச்ச நாற்பது புளுகும் அந்த லாட்டிலும் போயின. நாற்பதையும் மறுபடி அடித்திருந்தேன். நாற்பதும் திரும்பி வந்தன. இன்றைக்கும் எந்தக் கடை மேசையிலாவது அந்த டைரியைப் பார்த்தால் எடுத்துக் கிழிக்கக் கை வருகிறது.

தை நெருங்கியது. பொங்கலுக்கு முந்தின நாள் பைண்டிங் பெண்களுக்கு எப்போதும் போல ஆளுக்கு ஒரு காலண்டரும் இனிப்புப் பெட்டியும் கொடுத்து, ஆடியில் சொல்லியனுப்புகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். அச்சக வேனும் நின்றது. விடுமுறை கழிந்து திங்கட்கிழமை அவள் டவுன் பஸ்ஸில் வந்தாள், கொஞ்சம் தாமதமாக. பேடை எடுத்து, கார்பனை இடையில் வைத்து, ஓரங்களைத் தட்டிச் சேர்த்தாள்.

"ஊர்ல மத்தவங்க எல்லாம் என்ன செய்றாங்க?" என்று கேட்டேன்.

"பட்டாசு வேன் வந்துச்சு சார். காலைல நான் பஸ்ஸுக்கு நின்னேன், அவளுக வேனுக்கு நின்னாளுக. ஒரே நெறுத்தம்தான்." பேனாவைத் திறந்தாள். "ஏ கிளார்க்கம்மா, எங்களுக்கும் ஒரு நாக்காலி போட்டு வையின்னாளுக. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாளுக."

"எத்தனை பேர் ஏறினாங்க?"

"எண்ணல சார். எல்லாரும்தான்."

கேட்கவேண்டியதே இல்லை, எனக்குத் தெரியும். அந்த ஒரு ஊரிலிருந்து மட்டும் எங்கள் பைண்டிங்குக்கு வந்துகொண்டிருந்தவர்கள் இவளோடு சேர்த்துப் பதினான்கு பேர். ஒரு நாற்காலிக்கு நான் இவ்வளவு தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அவள் குனிந்து எழுத ஆரம்பித்தாள். அடியில் மேசைப் பலகை கிறீச்சென்றது. நான் என் இடத்துக்குப் போய், யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல், சிவப்புப் பேனாவின் மூடியைத் திறப்பதும் போடுவதுமாக உட்கார்ந்திருந்தேன்.